மக்கி சத்தியம் பண்ணிக் கொடுத்த விமானம்

வளைகுடாத் தீவு ஊரான முஹர்ரக்கில் இன்றைக்கு ஏழு வீட்டில் கண்ணாடி அலமாரி இருக்கிறது. உள்ளே வரிசையாக விமானம். உள்ளங்கை நீளம், வார்த்த உலோகம், கையில் எடுத்தால் நல்ல கனம். ஜன்னல், சக்கரம், வாலில் எழுதின நம்பர் எல்லாம் அசலை நானூற்றில் ஒரு பங்காகச் சுருக்கினது. ரொட்டிக்கடைக்காரன் வீட்டில் ஒரு அலமாரி, மருந்துக்கடைக்காரன் வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடக் காவலாளி வீட்டில் ஒன்று. இந்தப் பைத்தியம் எங்கே ஆரம்பித்தது என்று யாரைக் கேட்டாலும் மக்கி பேரைத்தான் சொல்வார்கள்.

மக்கியைக் கேட்டால், "நான் எங்கப்பா ஆரம்பிச்சேன்? என் வாய் ஆரம்பிச்சுச்சு" என்பார்.

அது உண்மை. அன்றைக்கு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மக்கி ஏர்போர்ட்டில் விமானத்தைப் பின்னால் தள்ளுகிறவர். கட்டடத்தில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிற விமானம் தானாகப் பின்னால் வராது. டிராக்டரை மூக்குச் சக்கரத்தோடு தண்டு வைத்து இணைத்து, யாராவது பதவிசாகத் தள்ளித் திருப்பிவிட வேண்டும். எண்பத்தொன்றில் சேர்ந்து இருபத்தொன்பது வருஷம் அவருக்கு அதுதான் வேலை. நான் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடக்கிறவன். பைலட்டோடு நான் பேசுவேன், மக்கி தள்ளுவார். முடிந்ததும் சக்கரத்தில் செருகின ஊசியை உருவி, அதில் தொங்குகிற சிவப்பு நாடாவைப் பைலட் கண்ணில் படும்படி தூக்கிக் காட்டிக் கையசைத்தால் எங்கள் பொறுப்பு தீர்ந்தது. அப்புறம் அது லண்டன் போனால் என்ன, கராச்சி போனால் என்ன.

"எல்லாப் பயலும் விமானத்தை முன்னாலதான் ஓட்டறான். பின்னால ஓட்டத் தெரிஞ்சவன் இந்தத் தீவுல நாலு பேரு. அதுல மூணு பேருக்கு இன்னும் சரியா வரல" என்பார்.

இத்தனைக்கும் அவர் ஒரு தரம்கூட விமானத்தில் ஏறினதில்லை. ஹஜ்ஜுக்குக்கூடக் கடல்பாலத்து வழியாகப் பஸ்ஸில்தான் போய்வந்தார். ஏன் ஹாஜி என்று கேட்டேன். "உள்ள போயி உட்கார்ந்தா அதோட மூஞ்சி தெரியாதேடா மாணிக்" என்றார். என் பேர் மாணிக்கம். கடைசி ரெண்டு எழுத்தை இந்த ஊர் முதல் மாசத்திலேயே பிடுங்கிக்கொண்டது.

நல்ல மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், சத்தியம். சூதாட்டக்காரன் பண்ணுகிற பொய்ச்சத்தியம் கிடையாது. விருந்தாளியைச் சாப்பிட வைக்கிற சத்தியம். "வல்லாஹி, இன்னொரு கரண்டி வாங்கலேன்னா நீ இந்த வாசல்படி மிதிச்சதா ஆகாது" என்று அல்லா மேல் ஆணை வைப்பார். ஆணை வைத்துவிட்டால் எதிராளி தட்ட முடியாது. தட்டினால் சத்தியம் பண்ணினவன் பத்து ஏழைக்குச் சோறு போட வேண்டும், முடியாதவன் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும். ரிஃபா ஊரிலிருந்து வந்த ஒரு கிழவர் மக்கியின் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு மூன்று தட்டு மீன்சோறு தின்றுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மக்கியின் மனைவி பத்ரியா வாய்க்காரி. மூத்த மகன் ஜாஃபர் பேரை வைத்து அவரை 'பூ ஜாஃபர்', அதாவது ஜாஃபரின் அப்பா, என்றுதான் கூப்பிடும். "பூ ஜாஃபர், உன் வாய்க்காக நான் எத்தனை ஏழைக்கு வடிச்சுக் கொட்டியிருப்பேன்! அந்த நாக்கைக் கழட்டி உப்புல போட்டு வையேன்" என்று உள்ளேயிருந்து சத்தம் போடும்.

இனி விமானத்துக்கு வருவோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர்க் கம்பெனி தன் பழைய ட்ரைஸ்டார்களை ஒவ்வொன்றாக வீட்டுக்கு அனுப்பியது. மூன்று இன்ஜின் விமானம், ஒரு இன்ஜின் வாலுக்குள் உட்கார்ந்திருக்கும். மக்கிக்கு அது மேல் உயிர். அவர் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலில் தனியாகத் தள்ளினது அந்த ஜாதியில் ஒன்றைத்தான். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அதைத் தள்ள வேண்டிய அன்றைக்கு அவருக்கு விடுமுறை. இருந்தும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்து டிராக்டரில் ஏறினார். தண்ணீர்த் தம்ளர் தளும்பாமல் தள்ளினார். நான் ஊசியைத் தூக்கிக் காட்டினேன். பைலட் பதிலுக்குக் கையசைத்தான். மக்கி டிராக்டரை விட்டு இறங்கி, அது ஓடுபாதை முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றார். பின்னால் இன்னொரு விமானம் ஹாரன் இல்லாத குறையாகக் காத்துக்கிடந்தது.

ரெண்டு மாசம் கழித்து, ஹாங்காங் போய்வந்த ஒரு விமானப் பணியாளன் மக்கி கையில் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தான். திறந்தால் ட்ரைஸ்டார். அதே வர்ணம். புரட்டி வால் பக்கம் நம்பரைப் பார்த்தார். அதே நம்பர். கடைசியாகத் தள்ளினோமே, அதேதான். இவர் அதை விரலால் மேஜை மேல் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். சக்கரம் உருண்டது.

வீட்டில் விருந்தாளிகளை உட்கார வைக்கிற மஜ்லிஸில், டெலிவிஷனுக்கு மேலே ஒரு பலகை அடித்து அதை வைத்தார். அங்கேதான் வினை.

இந்த ஊர் மரியாதைப்படி, விருந்தாளி உன் வீட்டுப் பொருள் ஒன்றை அழகு என்றால், "உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க" என்று நீ சொல்ல வேண்டும். விருந்தாளி, "அது இருக்கிற இடத்துல இருக்கிறதுதான் அழகு" என்று சொல்ல வேண்டும். மூன்று தரம் இப்படி. அப்புறம் காபி குடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். பொருள் இருந்த இடத்தில் இருக்கும். இதைப் பிள்ளைகள்கூடத் தப்பாமல் பண்ணும்.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு ஃபர்தான் வந்திருந்தான். ஏர்போர்ட்டில் டாக்ஸி ஓட்டுகிறவன், மக்கிக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தவன் பலகையைப் பார்த்தான்.

"மாஷா அல்லாஹ்! என்ன ஹாஜி இது, இவ்வளவு அழகா இருக்கு?"

"உனக்குத்தான். எடுத்துக்க."

"சேச்சே, உங்ககிட்ட இருக்கிறதுதான் அழகு."

"எடுத்துக்கன்னு சொல்றேன்ல?"

"இருக்கட்டும் ஹாஜி."

"ஃபர்தானே, மனசாரச் சொல்றேன், எடுத்துக்க."

"அல்லா உங்களுக்கே வச்சிருக்கட்டும்."

மூன்று ஆகிவிட்டது. காபி ஜாடியை நான் கையில் எடுத்தேன். அப்போதுதான், ஒவ்வொரு கரண்டி சோற்றுக்கும் சத்தியம் பண்ணிப் பழகின அந்த வாய் தானாகத் திறந்தது.

"வல்லாஹி, இதை எடுக்காம நீ இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது!"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. ஃபர்தான் மக்கியைப் பார்த்தான், மக்கி கூரையைப் பார்த்தார். அவன் என்ன பண்ணுவான்? எடுக்காவிட்டால் மனுஷனைப் பொய்ச்சத்தியக்காரன் ஆக்கின பாவம். எடுத்தான். நன்றி சொன்னான். கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

பத்ரியா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னது: "மப்ரூக்." வாழ்த்துகள் என்று அர்த்தம்.

மறுநாள் ஏர்போர்ட் வாசலில் பார்க்கிறோம், ஃபர்தானுடைய டாக்ஸியில், கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில், பசை டேப்பில் ஒட்டி நிற்கிறது ட்ரைஸ்டார். ஜூன் மாசம். காருக்குள் முட்டை வைத்தால் அவிந்துவிடும்.

"மாணிக், அது வெயில்ல நிக்குதுடா" என்றார் மக்கி. சொந்தப் பிள்ளையை யாரோ முட்டிபோட வைத்துவிட்ட மாதிரி.

"போயி கேளுங்க ஹாஜி. நிலைமையைச் சொல்லுங்க. நல்ல பையன், குடுத்துருவான்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறவன் கக்கினதைத் தின்னுற நாய்க்குச் சமம். நபி சொன்னது. அதைவிட வெயில்ல நிக்கட்டும்."

அது எந்த விமானம் என்றுகூட ஃபர்தானிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. சொன்னாலே கேட்ட மாதிரிதானாம்.

ரெண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவன் விமானத்தை அழகு என்று இவர் சொன்னால் அவன், 'உங்களுக்குத்தான்' என்றுதானே சொல்லியாக வேண்டும்! வேலை முடிந்ததும் தன் டட்சன் காரை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு, பத்து நிமிஷம் நடந்தால் வருகிற வீட்டுக்கு ஃபர்தானுடைய டாக்ஸியில் ஏறினார். சாட்சிக்கு நான் பின்சீட்டில்.

"ஃபர்தானே, இந்த விமானம் ரொம்ப அழகா இருக்குப்பா."

"உங்களுக்குத்தான் ஹாஜி, எடுத்துக்குங்க."

"சேச்சே! உன் வண்டியில இருக்கிறதுதான் அழகு."

நான் பின்னாலிருந்து அவர் தோளைக் கிள்ளினேன். ஃபர்தான் இன்னொரு தரம் எடுத்துக்கொள்ளச் சொன்னான். இவர் இன்னொரு தரம் மாட்டேன் என்றார். மூன்றாவதும் ஆச்சு, வீடும் வந்தாச்சு. இறங்கினதும் கேட்டேன்: "ஏன் ஹாஜி, ஆமான்னு ஒரு வார்த்தை வராதா உங்களுக்கு?"

"எங்கப்பன் கழுதைவண்டியில மண்ணெண்ணெய் வித்தவன்டா. எனக்குன்னு அவன் விட்டுட்டுப் போனது இந்த மரியாதை ஒண்ணுதான். நாக்குல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது."

"அப்ப அவனாவது சத்தியம் பண்ணணும்."

"அதான் வேணும். அவன் ஒரு சத்தியம் பண்ணினா நான் எடுத்துக்கலாம். பண்ணட்டும், பண்ணட்டும்."

ஃபர்தான் பண்ணமாட்டான் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஒரு நாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "டாக்ஸி ஓட்டறவன் சத்தியம் பண்ணினா எவன் நம்புவான் மாணிக்? பொறந்ததுலேருந்து ஒண்ணுகூடப் பண்ணினதில்ல" என்றான். அதைப் பெருமையாக வேறு சொன்னான். சத்தியமே பண்ணாத ஒருவனும் சத்தியம் பண்ணாமல் இருக்கவே முடியாத ஒருவனும் ஒரே டாக்ஸியில் மாசக்கணக்கில் போய்வந்தார்கள். ஃபர்தான் கூலி வாங்கவில்லை. அவனுக்குப் பெட்ரோல் நஷ்டம், டட்சன் பேட்டரி செத்துப்போனது, விமானம் டாஷ்போர்டிலேயே இருந்தது.

மக்கி அடுத்த வழிக்குப் போனார். அன்பளிப்பு போனால் வெறுங்கையாகப் பதில் வராது. அதனால் ஒரு ஜம்போ வாங்கி ஃபர்தானுக்குக் கொடுத்தார். "இதைத் துணைக்கு வச்சுக்க" என்றார். துணை வந்தால் பழையதைத் திருப்பிக்கொடுக்கத் தோன்றும் என்று கணக்கு. மறுநாள் ஃபர்தானிடமிருந்து ஒரு கூடை ஸாஃபி மீன் வந்தது. இன்னொன்று கொடுத்தார். அல்வா வந்தது. இன்னொன்று. ஆட்டு வாசனையோடு ஒரு ஜாடி நெய் வந்தது.

"விமானம் போகுது, நெய் வருது. நீ ஏர்போர்ட்டுல வேலை பாக்கிறியா, மளிகைக்கடையிலயா?" என்றது பத்ரியா.

கொடுப்பதற்காக வாங்கப்போய், வாங்கினதில் சிலது கொடுக்க மனசு வராமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. மக்கி ஒரு விதி வைத்துக்கொண்டார்: தான் தள்ளின விமானம் மட்டும்தான். நம்பர் பார்த்து வாங்குவார். பணியாளர்கள் வெளியூரிலிருந்து கொண்டுவருவார்கள். ஒருவன் ஆசையாகக் கான்கார்டு கொண்டுவந்தான். "அது இங்க வர்றதை நிறுத்தின அடுத்த வருஷம்தான் நான் வேலைக்கே சேர்ந்தேன். அதுக்கும் எனக்கும் பழக்கமில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அலமாரி வந்தது. அலமாரியைப் பார்க்க ஆள் வந்தது. ரொட்டிக்கடைக்காரன் அழகு என்றான். மருந்துக்கடைக்காரன் அழகு என்றான். மக்கியின் வாய் திருந்தினதா? இல்லை. அவனவன் ஒரு சத்தியத்தையும் ஒரு விமானத்தையும் வாங்கிக்கொண்டு போனான். ஒற்றை விமானத்தை வீட்டில் வைத்துப் பாருங்கள், ரெண்டே மாசத்தில் அதற்கு ஜோடி தேடுவீர்கள். இப்படித்தான் ஏழு வீட்டுக்கு நோய் பரவியது. கடைசியில் பத்ரியாதான் அலமாரிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டது. "இனிமே எதைக் குடுக்கிறதா இருந்தாலும் என்கிட்ட வந்து சாவி கேளு" என்றது. அன்றோடு மக்கி அலமாரிப் பக்கம் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

ஃபர்தானையும் அந்த நோய் விடவில்லை. மக்கி கொடுத்த மூன்றும் அவன் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. அவனே பத்து பதினைந்து சேர்த்துவிட்டான். வெயில் பட்டால் பெயிண்ட் வெளுக்கும், பசை இளகும் என்று மற்றவர்களுக்குப் பாடம் வேறு எடுத்தான்.

"அப்ப அந்த ட்ரைஸ்டார் ஏன்டா இன்னும் டாஷ்போர்டுல?" என்றேன்.

"அது முதல்ல வந்தது மாணிக். என் ராசி. அது ஏறின நாள்லேருந்து என் வண்டியில ஒரு கீறல் விழல."

இதை நான் மக்கியிடம் சொல்லவில்லை. ராசி என்று ஆகிவிட்டதைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? தெரிந்தால் மனுஷன் ஆசையையே விட்டிருப்பார்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. நோன்பு மாசத்துக்கு ஒரு வாரம் முன்னால் மக்கி மஜ்லிஸில் ஏழு வீட்டுக்காரர்களும் நானும் கூடியிருந்தோம். மருந்துக்கடைக்காரன் கேட்டான்: "ஹாஜி, ஒரே மாதிரி விமானம் நாலு வச்சிருக்கீங்க. கலரும் ஒண்ணு, ஜாடையும் ஒண்ணு. எதுக்கு?"

"ஒரே மாதிரியா? நம்பரைப் பாருடா. ஒவ்வொண்ணும் நான் தள்ளினது. இது மழை நாள்ல வழுக்கினது. இதுல ஒரு அம்மா பிரசவ வலியோட இறங்கிச்சு. தள்ளாததை நான் தொடறதே இல்ல. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்."

ஃபர்தான் மூலையில் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தான். கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. கொட்டையைத் துப்பினான்.

மறுநாள் டாக்ஸி வரிசையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். டாஷ்போர்டிலிருந்து ட்ரைஸ்டாரைப் பிடித்து இழுத்தான். மூன்று வருஷத்து டேப், சும்மா விடுமா? மூக்குச் சக்கரம் டேப்போடு போய்விட்டது. ஒரு பக்கம் வர்ணம் வெளுத்துப் பால்மாதிரி இருந்தது. நம்பரை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான்.

"இதை ஹாஜி தள்ளியிருக்காரா?"

எனக்கு உத்தரவு இருந்தது, சொல்லக்கூடாதென்று. ஆனால் அவன் கேட்டது நேர்க்கேள்வி.

"கடைசியா தள்ளினது அதைத்தான். லீவு நாள்ல வந்து தள்ளினாரு."

ஃபர்தான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "மூணு வருஷமா என் வண்டியில வர்றாரு! அழகா இருக்கு, அழகா இருக்குன்னு நூறு தரம் சொன்னாரு! நான் என்னடான்னா பாவம், வயசாச்சு, சொன்னதையே சொல்றாருன்னு..."

"திருப்பிக் குடுத்தா வாங்கமாட்டாரு. மூணு தரம் வேண்டாம்னுதான் சொல்லுவாரு. நீ சத்தியமும் பண்ணமாட்டே."

"மாட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் சக்கரம் போன மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம், "உம் ஜாஃபர் நோன்புக்கு ஹரீஸ் பண்ணுவாங்கல்ல?" என்றான்.

உம் ஜாஃபர் என்றால் ஜாஃபரின் அம்மா, பத்ரியாதான். ஹரீஸ், கோதுமையும் கறியும் போட்டுக் கடைகிறது. நோன்பு மாசம் முஹர்ரக்கில் எந்த வீட்டு அடுப்பு எரிந்தாலும் ஒரு தட்டு பக்கத்து வீடுகளுக்குப் போகும். பத்ரியாவின் ஹரீஸ் முதல் நோன்பன்றே ஃபர்தான் வீட்டுக்குப் போய்விடும். போன தட்டு காலியாகத் திரும்பாது. இங்கே கேளுங்கள்: திரும்பி வருகிற தட்டை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது உன் வீட்டுத் தட்டு. அதற்கு மூன்று தரம் மறுக்கிற சடங்கு கிடையாது.

முதல் நோன்பு. நான் மக்கி வீட்டில்தான் இருந்தேன். விரிப்பு விரித்து, பழம், மோர், சமோசா எல்லாம் வைத்தாயிற்று. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ரெண்டு நிமிஷம் இருக்கும். ஃபர்தான் வாசலில் வந்து நின்றான். கையில் பத்ரியாவின் நீலப்பூப் போட்ட தட்டு, மேலே அலுமினியத் தாள் மூடியிருந்தது.

"உங்க தட்டு ஹாஜி."

"இவ்வளவு சீக்கிரமாவா? உள்ள வாடா, நோன்பு திறந்துட்டுப் போ."

மக்கி தட்டை வாங்கினார். கனம் கையில் இடித்ததுமே அவர் முகம் மாறியது. பலகாரத்தின் கனம் அவருக்குத் தெரியும், இந்தக் கனமும் தெரியும். தாளை விலக்கினார். சர்க்கரைப்பாகு உருண்டைகளை ஓரமாக ஒதுக்கி, நடுவில் பஞ்சு வைத்து, பஞ்சு மேல் ட்ரைஸ்டார்.

"மூக்குச் சக்கரம் போச்சு ஹாஜி" என்றான் ஃபர்தான், தரையைப் பார்த்துக்கொண்டு. "டேப்புல போச்சு. ஒரு பக்கம் வெளுத்தும் போச்சு. மன்னிச்சுக்குங்க."

மக்கி அதை எடுத்து, வெளுத்த பக்கம், வெளுக்காத பக்கம், நம்பர் எல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு ஃபர்தானைப் பார்த்தார். அவன் கண் சிவந்திருந்தது. மூன்று வருஷத்து ராசியைப் பஞ்சில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. அவர் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். அந்த மூச்சு எனக்குத் தெரியும், சத்தியத்துக்கு முந்தின மூச்சு.

அல்லாஹு அக்பர் என்று பாங்கு ஆரம்பித்தது.

"ஃபர்தானே," என்றார் மக்கி, "வல்லா..."

பத்ரியா எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு கை குறுக்கே நீண்டு, பெரிய பேரீச்சம்பழம் ஒன்றைக் கொட்டையோடு அவர் வாயில் திணித்தது.

"நோன்பு திற பூ ஜாஃபர்" என்றது. "மெதுவா மெல்லு. ரொம்ப மெதுவா."

மக்கி மென்றார். ஃபர்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். பத்ரியா விமானத்தை அவர் கையிலிருந்து எடுத்து, அலமாரியைத் திறந்து, நடுத்தட்டில் வைத்தது. மூக்கு கீழே குத்தாமல் இருக்க அதற்கு அடியில் ஒரு கொண்டைக்கடலையை முட்டுக்கொடுத்து, பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டது. அவர் வாய் அப்போதும் மென்றுகொண்டுதான் இருந்தது.